படம் தெளிந்த மதியம்

அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே "எப்படி இருக்கீங்கண்ணா" என்றான் ஜோயல், நானும் வாங்க வாங்க என்று சிரித்தேன், சிரித்துவிட்டு உள்ளே வந்து ஃபேன் ஸ்விட்சைப் போடும்போதுதான் அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. என் மனைவி பிரமிளாவோடு திருச்சி குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டில் வளர்ந்தவன், அவளைவிட ஒரு வயது சின்னவன், கல்யாண மண்டபத்தில் அவளே என்னிடம் "இவன் என் தம்பி மாதிரிங்க" என்று சொல்லித்தான் நிறுத்தினாள். தம்பி என்றால் அக்கா புருஷனை மாமா என்றல்லவா கூப்பிட வேண்டும். அண்ணா என்றால் நான் அவனுக்கு அண்ணன், அப்படியென்றால் அவள் அண்ணி, ஆனால் அண்ணி என்றும் கூப்பிடுவதில்லை, அக்கா என்றும் இல்லை, பிரமி என்கிறான். பிரமி. எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் வேறு யாரும் அவளை அப்படி அழைப்பதில்லை, அவள் அம்மாகூட முழுசாகப் பிரமிளா என்பார்கள், நான் பிரமிளா என்பேன், கோபத்தில் "ஏம்மா" என்பேன். ஒரு நாள் தனியாக இருக்கும்போது பிரமி என்று கூப்பிட்டுப் பார்த்தேன், என் வாயில் அது யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது, அவளும் திரும்பிப் பார்த்து "என்னது?" என்று கேட்டுவிட்டு மறந்துபோனாள். மறந்தாளா, மறந்த மாதிரி இருந்தாளா. போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணி சாப்பிட்ட சோம்பல், மதுரை வெயில் ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருக்கிறது, விருந்தாளி வந்திருக்கிறான், நான் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வந்தவன் சும்மா வரவில்லை, தோள்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்து டீப்பாயில் வைத்தான், சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும், அதைப் பார்த்ததும் பிரமிளா "டேய், கொண்டாந்துட்டியா!" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். டேய். எனக்கு வாங்க போங்க, அவனுக்கு டேய். மரியாதை எனக்கு, நெருக்கம் அவனுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது, எவன் கேட்டான் மரியாதையை. எல்லாம் அவளுடைய பழைய கறுப்புப் பெட்டி ஒன்றால் வந்தது. அவளுடைய அப்பா ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது மாமியார் பழைய சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார், அதில் சுடிதார்களுக்கு அடியில் அவளுடைய வீடியோ கேம் பெட்டி, அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது, இரண்டு கன்ட்ரோலர், ஆட்டங்கள் பதிந்த வட்டத் தகடுகள் கொஞ்சம். அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்தாளே ஒரு ஓட்டம். நான் தவணையில் வாங்கி வைத்திருக்கிறேனே பெரிய டி.வி., அதில் மஞ்சள் வயரைச் செருகிப் போட்டோம். படமா அது, ஆறிப்போன கூழ் மாதிரி இருந்தது. பொம்மை எது சுவர் எது என்று தெரியவில்லை, எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறிய பேப்பர், எல்லோரும் நசுக்கிவிட்ட மாதிரி குட்டையும் அகலமுமாக நின்றார்கள், பட்டனை அமுக்கினால் பொம்மை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் குதித்தது, குதிப்பதற்குள் பள்ளத்தில் விழுந்தது. "இது இப்படி இருக்காதுங்க, பளிச்சுனு இருக்கும்" என்றாள், குழந்தை மாதிரி என்னைப் பார்த்து, நான் சரிசெய்துவிடுவேன் என்று நம்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஏனென்றால் நான் கண்ணாடிக் கடைக்காரன். டவுன்ஹால் ரோட்டில் கடை, அதற்கான படிப்பைப் படித்துவிட்டு நானே கண் சோதிக்கிறேன், ஊரே என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து இருட்டில் எழுத்துப் படித்துவிட்டுத் தெளிவாக எழுந்து போகிறது. என் வீட்டு டி.வி.யை என்னால் தெளிவாக்க முடியவில்லை. ஒரு வாரம் போராடினேன், கடை சாத்திவிட்டு வந்து ரிமோட்டும் கையுமாக, வெளிச்சத்தைக் கூட்டினேன், நிறத்தைக் கூட்டினேன், ஷார்ப்னஸ் என்று ஒன்று இருந்தது, பார்த்ததும் ஆஹா நம்ம சங்கதி என்று கடைசி வரைக்கும் ஏற்றிவைத்தேன், பொம்மைகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு கிளம்பியது, அவ்வளவுதான். வேறு வயர் வாங்கி வந்தேன், அதுவும் அதே கூழ், கொஞ்சம் வேறு நிறத்தில். அவள் சோபாவில் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள், பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள், பிறகு போனை எடுத்தாள். "விடுங்க, ஜோயல்கிட்ட கேக்கறேன், அவன் இந்த மாதிரி பழைய செட்டெல்லாம் சேத்து வெச்சிருக்கான்." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் "கேளேன்" என்றேன். வேறென்ன சொல்ல. கேட்காதே என்றால் ஏன் என்பாள், ஏன் என்றால் என்னிடம் பதில் இருக்கிறதா. இருக்கிறது, ஆனால் அது வாய்க்கு வெளியே வந்தால் கேவலமாக இருக்கும் பதில்.

இதில் இன்னொரு முள் இருக்கிறது, அதைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன், தொட மாட்டேன் என்கிறேன். அவள் வேலை பார்க்கும் பேங்கில் பதவி உயர்வு கொடுக்கிறார்கள், ஆனால் திருச்சிக்குப் போக வேண்டும். மதுரைக்கும் திருச்சிக்கும் பெரிய தூரமில்லைதான், பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடும் நேரம், வாரக் கடைசியில் வந்துவிடலாம், இதெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொள்வது. என் கடையை நான் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. "என்ன முடிவு பண்ணே?" என்று கேட்கும்போதெல்லாம் "யோசிச்சுக்கிட்டு இருக்கேங்க" என்கிறாள், துணி மடித்துக்கொண்டே, பாத்திரம் அடுக்கிக்கொண்டே, யோசிக்கிற முகமாக இல்லாமல். ஜோயல் இருப்பது திருச்சியில். கல்யாணமாகவில்லை, ஏன் ஆகவில்லை என்று ஒருமுறை கேட்டேன், "அவனுக்கு எதுவும் செட் ஆகலங்க" என்றாள், ஒரு வயருக்குச் சொல்கிற மாதிரி. இவ்வளவுதான் விஷயம். இதில் ஒன்றுமே இல்லை என்று எனக்கே தெரிகிறது, கடையில் எவனாவது வந்து இதையெல்லாம் சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவேன். ஆனால் பல்லில் மாட்டிய நார் மாதிரி நாக்கு போய்ப் போய் அங்கேயேதான் நிற்கிறது.

"அண்ணா, நீங்க கொஞ்சம் பின்னாடி வந்து வயரைப் பிடிச்சுக்கறீங்களா, இடம் குறுகலா இருக்கு" என்றான். என் வீட்டில் எனக்கு வேலை கொடுக்கிறான். டி.வி. வைத்திருக்கும் மேசையைக் கொஞ்சம் இழுத்து, சுவருக்கும் டி.வி.க்கும் நடுவில் நான் நுழைந்தேன், தூசி, பல்லி முட்டை ஓடு, சூடான பிளாஸ்டிக் வாசனை. அவன் முன்னால் மண்டியிட்டு அவளுக்கு விளக்குகிறான், எனக்கும் கேட்கிறது. மஞ்சள் வயரில் எல்லா நிறமும் ஒரே வழியில் நெருக்கியடித்துக்கொண்டு வருமாம், பஸ்ஸில் ஒரே வாசல் மாதிரி, அதனால் ஒன்றோடொன்று ஈஷிக்கொள்ளுமாம், அதற்குப் பதில் பச்சை நீலம் சிவப்பு என்று மூன்று தலை இருக்கிற வயர் போட்டால் தனித்தனியாக வந்துவிடுமாம். பழைய பெட்டி கோடு கோடாகத்தான் படத்தை அனுப்பும், பழைய டி.வி.க்கு அது புரியும், புது டி.வி. தானாக எதையோ ஊகித்து இரண்டு கோட்டுக்கு நடுவில் இட்டு நிரப்பிக் குழப்பிவிடும், இந்தச் சின்னப் பெட்டி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டையும் சுத்தமாகப் பெரிசாக்கி டி.வி.க்குக் கொடுத்துவிடும். "ஷார்ப்னஸை யாரு இவ்ளோ ஏத்தி வெச்சது?" என்றான் அடுத்து. "அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சுடா" என்றாள் அவள். என்னைக் காப்பாற்றினாள். காப்பாற்றியதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும், ஆனால் அவனிடமிருந்து என்னைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று அவள் நினைத்தாளே, அது. "அதை பூஜ்யத்துல வை பிரமி. அகலத்தையும் குறைச்சிடு, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தா வரட்டும். அப்புறம் கேம் மோட் போட்டுடு, பட்டனுக்கும் படத்துக்கும் நடுவுல இருக்கற இழுவை போயிடும்." ரிமோட் சத்தம் டிக் டிக் என்று கேட்டது. நான் மூன்று தலையையும் டி.வி.க்குப் பின்னால் வைத்திருந்த சின்னப் பெட்டியில் செருகினேன், பச்சையில் பச்சை, நீலத்தில் நீலம், சிவப்பில் சிவப்பு.

அங்கிருந்து எனக்குப் படம் தெரியாது. டி.வி.யின் முதுகுதான் தெரியும், அதன் ஓரத்து இடுக்கு வழியாக அவர்கள் இரண்டு பேர் முகமும். வெளிச்சம் முகத்தில் விழுந்து மாறியது, நீலமாக, பிறகு வெள்ளையாக, பிரமிளாவின் வாய் கொஞ்சம் திறந்தது. எனக்கு இது தெரியும். கடையில் சரியான பவர் போட்டதும் ஆட்கள் எழுத்தைப் படிப்பதற்கு முன்னாலேயே முகம் சொல்லிவிடும், நெற்றி இளகும், தோள் ஒரு அங்குலம் இறங்கும், நான் அந்த முகத்துக்காகத்தான் தொழில் செய்கிறேன் என்றுகூட சில நாள் தோன்றும். அந்த முகத்தை அவள் என் பக்கம் திருப்பவேயில்லை, அது நேராகத் திரையில் இருந்தது, அதற்குப் பக்கத்தில் தோள் இடிக்கிற தூரத்தில் இன்னொரு முகம், திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த முகம். "கொடையோட நுனி தெரியுது பாரு" என்றாள். அது அவளுக்குப் பிடித்த ஆட்டம், சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு கூரைக்குக் கூரை தாவும் ஒரு பொம்மைப் பெண். "ஜோயல், ஓடு கூடத் தெரியுதுடா, ஒவ்வொரு ஓடா." அவன் சொன்னான், மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் டி.வி.க்குப் பின்னால் இருப்பவனுக்குக் காது கிடையாதா: "நீ திருச்சி வந்ததும் எங்க வீட்டுல உனக்கே ஒரு செட் போட்டு வெச்சிடறேன். ஆபீஸ் முடிஞ்சு வந்து ஆடு."

வந்ததும். வந்தால் இல்லை, வந்ததும். அவள் என்ன பதில் சொன்னாள் என்று காதைத் தீட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, அல்லது தலையாட்டினாளா, நான் பார்க்கும்போது தலை அசைந்து முடிந்திருந்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் சொல்லிவிட்டாள். எனக்கு யோசிக்கிறேன், அவனுக்கு வருகிறேன். துணி மடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் திருச்சி, எனக்கு முன்னால் அவனுக்குப் போன், டேய் கிடைச்சிடுச்சுடா என்று சொல்லியிருப்பாள், அவன் பிரமி சூப்பர் என்று சொல்லியிருப்பான், நான் அப்போது கடையில் எவருக்கோ ஃபிரேமை வளைத்துக்கொண்டு இருந்திருப்பேன். கழுத்துக்குப் பின்னால் வியர்வை இறங்கியது. என் விரல் அந்தச் சிவப்புத் தலையின் மேல்தான் இருந்தது. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று சொன்னால் பொய், திட்டம் போட்டேன் என்றாலும் பொய், விரல் கொஞ்சம் திருகியது, கொஞ்சம் இழுத்தது, அது சுலபமாக வெளியே வந்தது, பல் இடுக்கில் இருந்து முறுக்குத் துணுக்கு வருகிற மாதிரி. உடனே அவள் குரல்: "ஐயோ, என்னடா ஆச்சு? கொடை பாசி கலராப் போச்சு." அவன் "இரு இரு" என்றான். ரிமோட் டிக் டிக். "படம் வருது, சிவப்பு மட்டும் போயிடுச்சு" என்றான். அவள் முகம் வாடியது. நான் பார்த்தேன். அரை நிமிடத்துக்கு முன் இளகியிருந்த நெற்றி மறுபடி சுருங்கியது, "என்னங்க, அங்க ஏதாவது ஆச்சா?" என்றாள், நான் "இல்லையே, எல்லாம் மாட்டித்தான் இருக்கு" என்றேன். என் குரல் எவ்வளவு இயல்பாக வந்தது. எந்தக் கஸ்டமருக்கும் நான் இப்படிப் பொய் சொன்னதில்லை. கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது, அதுதான் பயமாக இருந்தது, அவள் ஏமாந்து போனதில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்துவிட்டான். குனிந்து செல்போன் லைட்டை அடித்தான், வெளிச்சம் நேராக என் கையில் விழுந்தது, சிவப்புத் தலை என் இரண்டு விரலுக்கு நடுவில், துளைக்கு ஒரு அங்குலம் தள்ளி, மறைக்கவும் முடியாது, கீழே போடவும் முடியாது. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன், மூடிய கடையின் இடுக்கில் ஒளிந்திருந்து பிடிபட்டவன் மாதிரி. சொல்லப் போகிறான், சிரித்துக்கொண்டே சொல்வான், "பிரமி, உன் வீட்டுக்காரரைப் பாரு" என்பான், அவளும் எட்டிப் பார்ப்பாள், இத்தனை வருஷம் வாங்க போங்க என்று கட்டிக் காத்த மரியாதை இந்தத் தூசியில் கொட்டும். அவன் கையை நீட்டி என் விரலிலிருந்து அதை வாங்கினான், துளையில் வைத்து அழுத்தினான். "பழைய வயருண்ணா, லூசாத்தான் இருக்கும், தானா வந்துடும்" என்றான், ஹாலுக்குக் கேட்கிற மாதிரி. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அவள் கத்தினாள். அவன் லைட்டை அணைத்தான். என்னை அடித்திருக்கலாம். விட்டுக்கொடுத்துவிட்டான், அதுதான் தாங்கவில்லை, அவனிடம் எவ்வளவு மிச்சம் இருந்தால் இப்படி எடுத்துக் கொடுப்பான், ஜெயித்தவன்தானே விட்டுக்கொடுப்பான் என்று ஒரு மனம் உடனே ஓடியது. இன்னொரு மனம் வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே குந்தியிருந்தது.

வெளியே வந்து முட்டியைத் தட்டிவிட்டு முதல்முறையாகப் படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு நன்றாக இருந்தது, நடுவில் மட்டும் சதுரமாகப் படம், இரண்டு பக்கமும் கறுப்பு, அந்தச் சதுரத்துக்குள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நறுக்கென்று நின்றது, குடையின் சிவப்பு மிளகாய்ப்பழச் சிவப்பு. அவள் பட்டனைத் தொட்ட கணமே பொம்மை எழும்பியது. ஜோயல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து, வயரின் சிக்கலை நிதானமாகப் பிரித்து, கேம் பெட்டியில் செருகிவிட்டு, "ரேஸ் போடு பிரமி, ரெண்டு பேர் ஆட்டம்" என்றான். "இருடா, இந்தத் தெருவ முடிச்சிடறேன்." தெரு முடிந்தது. அடுத்த தெரு ஆரம்பித்தது. அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து அவனைப் பார்த்தேன், அவன் அவளைப் பார்த்தான், அவள் திரையைப் பார்த்தாள். "பிரமி, அந்தச் சந்துல ஒரு சாவி இருக்கும்." "தெரியும்டா." "நீ அப்பல்லாம் அதை விட்டுட்டுப் போயிடுவே." அவள் அடுத்த கூரைக்குத் தாவினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரேஸ்?" என்றான். அவள் திரும்பாமலேயே, கோபமே இல்லாமல் சொன்னாள்: "ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்களேன், ஜன்னல் வெளிச்சத்துல உங்க நெழலு ஸ்க்ரீன்ல விழுது." ரெண்டு பேரும். எனக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரே 'போங்களேன்'. அவன் எழுந்தான். எழும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், அது எனக்குத் தெரிந்த முகம், இந்த ஒரு வாரமாக ஷேவ் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

சமையலறைக்கு வந்தோம். வேறு எங்கே போவது, சின்ன வீடு. நான் பாலை அடுப்பில் வைத்தேன், ஏதாவது செய்ய வேண்டுமே. அவன் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். வயரைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. "அப்பவும் இப்படித்தாண்ணா" என்றான் திடீரென்று. "நான் ரெண்டாவது கன்ட்ரோலரைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். எங்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டுடுவாங்க." சிரிக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன், டீத்தூளை அளந்து போடுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன், "திருச்சிக்கு வர்றேன்னு உங்ககிட்ட சொல்லிட்டாளா?" மூடி நின்றது. "எங்கிட்டயா? இல்லண்ணா. நான்தான் எப்ப வர்றே எப்ப வர்றேன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். யோசிக்கிறேங்கறா." பிறகு அவனே, கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்ட சொல்லியிருப்பாளே?" என்றான். எனக்கு உடனே ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது, சொல்லிவிட்டாள், போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள், அப்படிச் சொன்னால் இவன் முகம் எப்படி ஆகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பால் பொங்கியது, அடுப்பைக் குறைத்தேன். "எங்கிட்டயும் அதையேதான் சொன்னா" என்றேன்.

மூன்று டம்ளரில் ஊற்றினேன். ஒன்றை அவனிடம் கொடுத்தேன், ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன், மூன்றாவது மேடையில் இருந்தது. ஹாலில் ஆட்டத்தின் சங்கீதம் ஒரே மெட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நடுநடுவே அவள் தனக்குத்தானே ஏதோ பேசுவது கேட்டது, திட்டுகிறாளா கொஞ்சுகிறாளா தெரியவில்லை, எங்களிடம் பேசாத ஒரு குரல் அது. எனக்குப் பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இருந்தது, ஆனால் அது போய் நிற்க ஒரு ஆள் இல்லாமல் சமையலறைக்குள் அலைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் நிற்கிறவனுடையதும் அப்படித்தான் அலைகிறது என்று தெரிந்தது. "நான் கொண்டுபோய்க் குடுக்கட்டுமாண்ணா?" என்று அந்த மூன்றாவது டம்ளரைக் காட்டினான். அவனாகக் கேட்டான், என்னிடம் அனுமதி கேட்டான். "வேண்டாம், நெழல் விழும்னு சொல்லுவா" என்றேன். "கூப்பிடட்டும்." இரண்டு பேரும் மேடையில் சாய்ந்துகொண்டு டீயை ஊதி ஊதிக் குடித்தோம். காது ஹாலில் இருந்தது. அவளுடைய டீயின் மேல் மெல்லிசாக ஆடை படிய ஆரம்பித்தது.